தலைகீழாகத் தொங்காத புழுக்கள்

அந்தக் கட்டடத்தில் நடப்பதற்கு ஒரே ஒரு திசைதான் உண்டு. காலையில் வருகிறவர்கள் முதலில் நல்ல அறைக்குள் போகலாம். அங்கிருந்து தீனி அறைக்கு, தீனி அறையிலிருந்து நோயறைக்கு, நோயறையிலிருந்து குளியலறைக்கு, குளித்து முடித்தால் வீட்டுக்கு. திரும்பி வரக் கூடாது. மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டால்கூட மறுநாள் காலை வரை அது இருந்த இடத்தில் இருக்கும். அதற்குரியவர் சுவரைத் தடவிக்கொண்டு வீடு போய்ச் சேர வேண்டியதுதான்.

நல்ல அறையில் இலை தின்னும் புழுக்களை நோய்நொடி இல்லாமல் வளர்த்தார்கள். நோயறையில் அதே புழுக்களுக்குத் தீனியில் வைரஸைத் தடவிக் கொடுத்துச் சாகடித்தார்கள். செத்த புழுவை அரைத்து, வடிகட்டி, பாட்டிலில் அடைத்தால் அதுதான் மருந்து. வயலில் தெளித்தால் இலையைச் சல்லடையாக்குகிற அந்த ஒரு ஜாதிப் புழுவை மட்டும் கொல்லும். தேனீயைத் தொடாது, குருவியைத் தொடாது, தெளிக்கிற மனுஷரையும் தொடாது. ஆனால் நோயறையிலிருந்து ஒரு துளி நல்ல அறைக்குப் போய்விட்டால் ஒரே வாரத்தில் அங்கே இருக்கிற அத்தனையும் கூழ். அதனால்தான் அந்த ஒற்றைத் திசை.

நல்ல அறையின் சாவி பதினொரு வருஷமாகப் பூச்சியம்மாவிடம் இருந்தது. அவளுக்கு வேறு பெயர் உண்டு. அது சம்பளப் பட்டியலில் இருந்தது, அங்கே மட்டும்தான் இருந்தது. முட்டையிலிருந்து புழு, புழுவிலிருந்து கூட்டுப்புழு, கூட்டுப்புழுவிலிருந்து அந்துப்பூச்சி, அந்திலிருந்து மறுபடி முட்டை என்று மாதம் ஒரு தலைமுறை. இப்போது நடப்பது நூற்றி இருபத்தொன்பதாவது. ஒவ்வொரு தலைமுறைக்கும் பேரேட்டில் ஒரு பக்கம், எல்லாம் அவள் கையெழுத்து.

"நீங்க வளர்த்துக் கொடுங்க, நான் வழியனுப்பி வைக்கிறேன்" என்பார் நோயறைக்காரர், ட்ரேக்களை அவளிடமிருந்து வாங்கும்போதெல்லாம். பதினொரு வருஷமாக அதே ஜோக். அவளும் பதினொரு வருஷமாகச் சிரித்துவைத்தாள். சாவதற்காகத்தான் வளர்க்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் சாவதற்கு முந்தைய நாள் வரை அவை நன்றாக இருக்க வேண்டும் என்பதில் அவள் விட்டுக்கொடுத்ததில்லை. அது கருணையா, கைவேலையின் திமிரா என்று சில சமயம் தன்னையே கேட்டுக்கொள்வாள். பிறகு ட்ரேயைத் துடைக்கப் போய்விடுவாள்.

திங்கட்கிழமை காலை அவள் கதவைத் திறந்தபோது அறை அமைதியாக இருந்தது.

மற்றவர்களுக்கு அந்த அறை எப்போதுமே அமைதியானதுதான். அவள் காதுக்கு அப்படியில்லை. நாலாயிரம் டப்பாக்களில் நாலாயிரம் புழுக்கள் மெல்லுகிற சத்தம், எங்கோ யாரோ காய்ந்த காகிதத்தை விடாமல் கசக்குகிற மாதிரி, உள்ளே நுழைந்ததும் அவளை வந்து தொடும். அன்று அது இல்லை. ஒரு டப்பாவின் மூடியைத் திறந்தாள். இன்னொன்றைத் திறந்தாள். பத்தாவது டப்பாவோடு நிறுத்திக்கொண்டாள். பத்திலும் புழு செத்துக் கிடந்தது.

நோயறைக்காரர் செத்த புழு ஒன்றைத் தண்ணீரில் கரைத்து, சாதாரண மைக்ரோஸ்கோப்பில் வைத்து, அரை நிமிஷம் பார்த்தார். பிறகு தலையைத் தூக்காமலேயே, "மணி இருக்கு" என்றார்.

மணி என்றால் அந்த வைரஸ் தனக்குத் தானே கட்டிக்கொள்கிற புரதப் படிகம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் உடைத்த கண்ணாடித் துகள் மாதிரி பளிச்சென்று மின்னும். மணி இருந்தால் நோய் இருக்கிறது. நோய் நல்ல அறைக்கு நடந்து வந்திருக்காது. யாரோ கொண்டு வந்திருக்க வேண்டும். அந்த அறைக்குள் போய் வருகிறவர் ஒருவர்தான்.

இயக்குநர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவருக்கு அந்தக் கட்டடத்தில் தராசு என்று பெயர். ஒரு வார்த்தையை எடுத்து, நிறுத்துப் பார்த்து, வேண்டாம் என்று திரும்ப வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பார். "வெள்ளிக்கிழமை உக்காந்து பேசுவோம்" என்றார். பிறகு இன்னும் சில வார்த்தைகளை நிறுத்துப் பார்த்து, "அதுவரைக்கும் சாவி என் மேஜையில இருக்கட்டும். நீங்க பாட்டில் கழுவுற பக்கம் பாருங்க. ஒருவேளை... அதுவே நிரந்தரமாவும் ஆகலாம்" என்றார்.

அவள் சாவியைக் கழற்றி வைத்தாள். இடுப்பில் அது இருந்த இடம் திடீரென்று லேசாகிவிட்டது. அந்த லேசு அவளுக்குப் பிடிக்கவில்லை.

எல்லாரும் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது. ஏனென்றால், அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது.

பன்னிரண்டு நாளுக்கு முன்னால் ஒரு பிற்பகல் நோயறைக்காரருக்கு ஆள் போதவில்லை. அவள் போய்க் கைகொடுத்தாள். இரண்டு மணிநேரம் செத்த புழுக்களைப் பொறுக்கிப் போட்டாள். குளியலறைக்குப் போகிற வழியில் சுரீரென்று நினைவு வந்தது: அந்துக் கூண்டுகளில் பஞ்சை நனைக்கவில்லை. அந்துகள் தின்பதில்லை, குடிக்கத்தான் செய்யும். தேன் கலந்த தண்ணீரில் ஊறிய பஞ்சு காய்ந்துபோனால் மறுநாள் காலையில் பாதி அந்து முட்டையிடாமலே செத்துக் கிடக்கும். நடைபாதையில் யாருமில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, ஏப்ரனைக் கழற்றிக் கதவோரம் போட்டுவிட்டு, திசைக்கு எதிராக நடந்தாள். இரண்டு நிமிஷம். பஞ்சை நனைத்தாள், வந்துவிட்டாள்.

இப்போது பாட்டில் கழுவுகிற தொட்டியின் முன்னால் நின்றுகொண்டு அந்த இரண்டு நிமிஷத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். அது வெளுக்கிற வழியாக இல்லை.

புதன்கிழமை மதியம் சம்பந்தி வந்து கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒன்பது வருஷம் 'வாடி போடி' என்று திரிந்தவர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவள் மகளும் அவள் மகனும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் 'நீங்க' வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. மரியாதை கூடியது, பேச்சு குறைந்தது. முன்பெல்லாம் ஒரே டிபன் டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டவர்கள், இப்போது "நீங்க எடுத்துக்குங்க", "இல்ல, நீங்க முதல்ல" என்று டப்பாவை ஆறவைத்தார்கள்.

"என்ன சம்பந்தியம்மா, பாட்டில் எல்லாம் பளபளன்னு இருக்கே. நின்னு தலை சீவலாம் போல."

"உங்களுக்கென்ன, இருட்டறையில உக்காந்திருக்கிறவங்க. வெளிச்சத்துல எதைப் பார்த்தாலும் பளபளன்னுதான் தெரியும்."

"பேச்சு வருதே. நல்லது. வாயே திறக்கிறதில்லைன்னு மருமக சொன்னா. நேத்து அவ உங்க வீட்டுக்கு வந்தப்ப ராத்திரி சாப்பாட்டைக் கோழி கிளறுற மாதிரி கிளறிட்டு எழுந்துட்டீங்களாம்."

"அவ உங்ககிட்ட என்னைப் பத்திக் கோள் சொல்றாளா?"

"பின்னே? மாமியார்கிட்ட அம்மாவைப் பத்திச் சொல்றா, உங்ககிட்ட வந்து என்னைப் பத்திச் சொல்றா. நம்ம ரெண்டு பேர் செய்தியும் அவ மூலமாத்தான் போக்குவரத்து." சம்பந்தி உள்ளே வந்து ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அந்தச் செத்த புழுவை என்கிட்ட கொடுங்க. மெஷின்ல போட்டுப் பார்க்கலாம்."

"வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"மணி இருக்குன்னு சொல்லியாச்சே. இன்னும் என்ன பார்க்கணும்? நீங்க பார்த்தா ஆயிரம் மடங்கு பெருசாத் தெரியும், அவ்வளவுதான்."

"நாப்பதாயிரம் மடங்கு" என்றாள் சம்பந்தி, கொஞ்சம் அடிபட்ட குரலில். "என்ன ரோஷம் உங்களுக்கு? சம்பந்தி கையால உதவி வாங்கினா கௌரவம் குறைஞ்சிடுமா?"

ரோஷம் என்றே அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டிருக்கலாம். அதுதான் சுலபம். ஆனால் மூன்று நாளாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தது தொண்டைக்கு மேலே வந்துவிட்டது.

"நான் திரும்பிப் போனேன்" என்றாள் பூச்சியம்மா.

"எங்க?"

"நோயறையிலேர்ந்து நல்ல அறைக்கு. பன்னெண்டு நாள் முன்னாடி."

சம்பந்தி பாட்டிலை மெதுவாகக் கீழே வைத்தாள். "குளிச்சிட்டா?"

"கையை மட்டும் கழுவிட்டு. அந்துக்குத் தேன்தண்ணி வைக்க மறந்துட்டேன். பஞ்சு காஞ்சிருக்கும்."

"நாப்பது அந்துக்காகவா இந்தக் காரியம் பண்ணீங்க?"

"நூத்தியிருபது."

"அப்படியா, நூத்தியிருபதுன்னா சரிதான்" என்றாள் சம்பந்தி. சிரிப்பா கோபமா என்று தெரியாத ஒரு குரல். சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள். பிறகு, வேறு எதையோ கேட்கிறவளைப்போல, "புழு எப்படித் தொங்குச்சு?" என்றாள்.

"எது?"

"செத்த புழு. நோயறையில செத்தா எல்லாம் மூடி வரைக்கும் ஏறி, பின்காலால பிடிச்சுக்கிட்டுத் தலைகீழாத் தொங்குமே. தொட்டா தோல் கிழிஞ்சு தண்ணியா வழியுமே. உங்க அறையில எப்படித் தொங்குச்சு?"

பூச்சியம்மா பத்து டப்பாக்களையும் மனசுக்குள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள்.

"தொங்கல" என்றாள்.

"பின்னே?"

"அடியிலயே கிடந்துச்சு. சின்னதா. பன்னெண்டு நாள் புழு ஆறு நாள் புழு அளவுக்குத்தான் இருந்துச்சு. தலை மட்டும் பெருசு, உடம்பு சூம்பிப்போயி. தோல் கிழியல. வயித்துப் பக்கம்..." அவள் குரல் மாறியது. "வயித்துப் பக்கம் உள்ள பால் மாதிரி வெள்ளையாத் தெரிஞ்சுச்சு."

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலியே."

"உங்களை நீங்களே கேக்கலியா? பதினொரு வருஷமா புழு தும்மினாக்கூட எந்த டப்பான்னு சொல்றவங்க நீங்க!"

அந்தக் கேள்வி அவளை எங்கோ கொண்டுபோய் நிறுத்தியது. உண்மைதான். அவள் கண் எல்லாவற்றையும் பார்த்திருந்தது. அளவு, நிறம், கிடந்த விதம், எதையும் விடவில்லை. ஆனால் பார்த்த கணமே, 'நான்தான் செய்தேன்' என்கிற நினைப்பு குறுக்கே வந்து நின்றுகொண்டு, மற்ற எதையும் உள்ளே விடவில்லை. புழு ஒன்று சொல்லியிருக்கிறது. அவள் தன்னைப் பற்றிய வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். குற்றவுணர்வு இவ்வளவு சுயநலமானதா என்று அவளுக்கு அப்போது தோன்றியது. செத்தவற்றைப் பார்க்கும்போதுகூடத் தன்னைத்தான் பார்க்கச் சொல்கிறது.

"அதை மட்டும் வச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது" என்றாள் சம்பந்தி. "அதே வைரஸ் சில சமயம் வேற மாதிரியும் காட்டும்னு தராசு சொல்வார். உள்ள என்ன இருக்குன்னு பார்க்கணும். நாளைக்குக் காலையில வாங்க. நோயறையோட மணி ஒரு குழாய், உங்க அறையோட மணி ஒரு குழாய். ரெண்டும் நோயறைக்காரர்கிட்ட இருக்கு, நான் சொன்னா கொடுப்பார்."

மறுநாள் காலை நோயறைக்காரர் கொடுத்த இரண்டு குழாய்களோடு பூச்சியம்மா மைக்ரோஸ்கோப் அறைக்குள் வந்ததும், சம்பந்தி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"ஒட்டியிருக்கிற சீட்டை எடுத்துட்டு, ஒண்ணுல சிவப்பு நூல் கட்டுங்க, ஒண்ணுல பச்சை. எது எந்த அறைன்னு எனக்குச் சொல்லாதீங்க."

"எதுக்கு இந்தக் கண்ணாமூச்சி?"

"நாளைக்குத் தராசு, சம்பந்திக்காகச் செஞ்சாங்களோன்னு நினைக்கக் கூடாது. அவரை விடுங்க. ராத்திரி படுத்தா உங்களுக்கே அந்த நினைப்பு வரும். எனக்குத் தெரியாதா உங்களை?"

பூச்சியம்மா நோயறைக் குழாயில் சிவப்பு நூலையும் தன் அறைக் குழாயில் பச்சை நூலையும் கட்டினாள்.

பதினொரு வருஷத்தில் இந்த அறைக்குள் அவள் வந்ததே இல்லை. வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டுப் போனதோடு சரி. சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. ஒரு மணியை மெல்லிசாகக் குறுக்கே அறுத்து எடுத்த படம். மாதுளம்பழத்தை அறுத்த மாதிரி பலகோண வடிவம். உள்ளே முழுக்க ஒழுங்கான நுண்கோடுகள், நெய்த துணியின் இழைபோல. அந்த நெசவுக்குள் அங்கங்கே கட்டுக் கட்டாக எதையோ புதைத்து வைத்திருந்தது.

"இதுதான் நீங்க சொல்ற மணியா?"

"அதேதான். ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறா வெட்டினா அதுல ஒரு துண்டு. முழுக்க ஒரே புரதம், செங்கல் அடுக்குற மாதிரி அடுக்கியிருக்கு. அந்தக் கட்டு கட்டா இருக்கே, அதுதான் வைரஸ். ஒவ்வொரு குச்சிக்குள்ளயும் அதோட மொத்த ஜாதகமும் சுருட்டி வச்சிருக்கு. அஞ்சாறு குச்சியைச் சேர்த்து ஒரு உறையில போட்டு, அந்த மாதிரி உறை நிறைய இந்தச் சுவருக்குள்ள."

"சுவர் எதுக்கு?"

"வெளிய போனா வெயில் கொல்லும், காத்துல காயும். இந்தச் சுவர் இருந்தா மண்ணுக்குள்ள வருஷக்கணக்காக் கிடக்கும். மழை பெஞ்சா கரையாது. ஆனா புழு வயித்துக்குள்ள போனா, அங்க சாறு சவுக்காரம் மாதிரி காரமா இருக்குமே, அதுல மட்டும் கரையும். சரியான வீடு வந்தாத்தான் கதவு திறக்கும்."

பூச்சியம்மா படத்தின் அருகே போய் நின்றாள். தினமும் அவள் ட்ரே ட்ரேயாகப் புழுக்களை அனுப்பிக்கொண்டிருந்தது இதற்குத்தானா? எதிரியின் வீட்டுக்குள் முதல்முறையாக எட்டிப் பார்க்கிறவளுக்கு, அந்த வீடு தன் வீட்டைவிடச் சுத்தமாக இருப்பதைக் கண்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. கண் இல்லை, கை இல்லை, உயிர் என்று சொல்லலாமா என்றே தெரியவில்லை. ஒரு செங்கல்கூடக் கோணவில்லை.

"நம்ம வாய் மாதிரின்னு நினைக்கிறேன்" என்றாள். "சரியான ஆள் வந்து கேட்டாத்தான்..."

"ஐயோ, அதைப் பிடிச்சு உவமை ஆக்காதீங்க. அது பாட்டுக்கு அது இருக்கட்டும்" என்று சம்பந்தி கையை உதறினாள். "இங்க வாங்க, வேலை இருக்கு."

அவள் இரண்டு குழாயிலிருந்தும் தலா ஒரு சொட்டு எடுத்து, சோடாக் கரைசல் ஊற்றி, கடிகாரத்தைப் பார்த்தாள். சுவர் கரைய வேண்டும். உள்ளே இருப்பது கரையக் கூடாது. நேரம் குறைந்தால் ஒன்றும் வெளிவராது, கூடினால் எல்லாம் சிதைந்துபோகும். பேசிக்கொண்டே இருந்தவள் அந்தச் சில நிமிஷம் மட்டும் பேசவில்லை. மூச்சுக்கூட அளந்து விட்டாள். பிறகு மிளகளவு செப்பு வலை ஒன்றை இடுக்கியால் எடுத்து, சொட்டின் மேல் வைத்து, சாயத்தில் தொட்டு, வடிதாளின் ஓரத்தால் ஈரத்தை உறிஞ்சினாள். அந்த விரல்களைப் பார்த்தபோது பூச்சியம்மாவுக்கு முட்டைகளைத் தூரிகையால் நகர்த்தும் தன் விரல்கள் நினைவுக்கு வந்தன. ஒன்பது வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டும் இவள் வேலை செய்து தான் பார்த்ததே இல்லை என்பது உறைத்தது. இவ்வளவு அழகான காரியத்தை இத்தனை நாளாக 'இருட்டறையில் உட்கார்ந்திருக்கிறாள்' என்று சொல்லி வந்திருக்கிறோம்.

விளக்கை அணைத்தாள். திரை பச்சையாக ஒளிர்ந்தது.

"முதல்ல சிவப்பு நூல்" என்றாள் சம்பந்தி.

வெறும் மங்கல். அவள் குமிழைத் திருப்பத் திருப்ப, கலங்கிய குளம் தெளிகிற மாதிரி திரை தெளிந்தது. குச்சிகள். கறுத்த தரையில் வெளிறிய குச்சிகள், சில தனியாக, சில இன்னும் கட்டுப் பிரியாமல். ஒரு கட்டின் உறை ஒரு பக்கம் பிய்ந்து, உள்ளே குச்சிகள் தலைநீட்டிக்கொண்டிருந்தன.

சிவப்பு நோயறை. அங்கே குச்சி இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் இதே குச்சிகள் அடுத்த வலையிலும் இருந்தால்? அவளுக்கு மட்டும்தான் அந்த அறையில் எது எதுவென்று தெரியும். சம்பந்தி முகம் திரையின் வெளிச்சத்தில் எதையும் எதிர்பார்க்காத முகமாக இருந்தது.

"இப்ப பச்சை."

மறுபடி மங்கல். மறுபடி குமிழ். இந்த முறை தெளிவதற்கு அதிக நேரம் ஆனதுபோல இருந்தது. பூச்சியம்மா கண்ணை மூடிக்கொள்ள நினைத்தாள். மூடவில்லை. பன்னிரண்டு நாளாக மூடி வைத்திருந்தது போதும்.

உருண்டைகள்.

ஒரு குச்சிகூட இல்லை. திரை முழுக்கச் சின்னச் சின்ன உருண்டைகள், எல்லாம் ஒரே அளவு. சம்பந்தி ஒன்றை நடுவில் கொண்டுவந்து பெரிதாக்கினாள். உருண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. பட்டை தீட்டிய கல்போல முக்கோண முக்கோணமாக முகங்கள், ஒவ்வொரு முனையிலும் குட்டையாக ஒரு கோபுரம்.

பூச்சியம்மாவின் மனசில் முதலில் வந்தது நிம்மதி அல்ல. 'எவ்வளவு அழகாக இருக்கிறது' என்பதுதான் முதலில் வந்தது. அவளுடைய நாலாயிரம் புழுக்களைத் தின்றது அது. அவளை இடுப்புச் சாவி இல்லாதவளாக்கியது அது. ஆனாலும் பன்னிரண்டு முனையும் பிசகாமல் நின்ற அந்தக் கோபுரங்களை அவளால் வெறுக்க முடியவில்லை.

"சொல்லுங்க" என்றாள் சம்பந்தி. "பச்சை எந்த அறை?"

"என் அறை."

"அடிப் பாவி!" சம்பந்தி நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தாள். "இது வேற வைரஸ்டி! குடும்பமே வேற. இதுவும் மணிதான் கட்டும், வெளியிலேர்ந்து பார்த்தா வித்தியாசமே தெரியாது. ஆனா இது குடல்ல மட்டும்தான் உக்காரும். அதான் வயிறு வெள்ளை, அதான் வளரல, அதான் தொங்கல. நோயறையில இது கிடையவே கிடையாது. உன் கையில ஒட்டிக்கிட்டு வந்தது இது இல்ல. நீ கொண்டு வரல!"

இரண்டு வருஷமாக நடுவில் உட்கார்ந்திருந்த 'நீங்க' எப்போது எழுந்து போனது என்று இருவருமே கவனிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துச் சம்பந்தி சொன்னாள்: "அந்தப் பஞ்சு விஷயத்தை இனிமே யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. தெரிஞ்சது நாம ரெண்டு பேர்."

பூச்சியம்மா தலையாட்டினாள். ஆனால் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தராசு இரண்டு படங்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நூல் கட்டிய கதையைச் சம்பந்தி சொன்னாள். அவர் தலையைத் தூக்கவில்லை. முதலில் நெற்றி சுருங்கியது. பிறகு, விஷயம் விளங்கியவர் முகத்தில் வருகிற அந்தப் பிரியம், நல்ல வேலையைப் பார்த்தால் தன்னை மறந்து வருகிற பிரியம், மெல்ல வந்தது. "நல்ல படம்" என்றார். அப்புறம் அந்தப் பிரியமும் போய்விட்டது. ஏதோ ஒரு கணக்கை உள்ளே போட்டு முடித்துவிட்டார் என்று தெரிந்தது.

"போன தலைமுறையில வயலிலேர்ந்து அந்து பிடிச்சுட்டு வந்தோமே" என்றார். ஒரு வார்த்தையை எடுத்து, நிறுத்து, திருப்பி வைத்தார். "வந்தோம் இல்ல. வந்தேன். புது ரத்தம் வேணும்னு. ரெண்டு தலைமுறை தனியா வச்சுப் பார்த்துட்டுத்தான் கலக்கணும். ஆர்டர் அவசரம்னு நான்தான் ஒண்ணு போதும்னு சொன்னேன்."

நோயறைக்காரர் கூரையைப் பார்த்தார்.

"சாவியை எடுத்துக்குங்க" என்றார் தராசு, அதை அவள் பக்கம் நகர்த்தி.

பூச்சியம்மா கையை நீட்டவில்லை. மேஜைக்கடியில் சம்பந்தியின் கால் அவள் காலை மிதித்தது. நன்றாகவே மிதித்தது.

"எனக்கும் ஒண்ணு சொல்லணும் சார்" என்று ஆரம்பித்து, பஞ்சு, தேன்தண்ணி, இரண்டு நிமிஷம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல நோயறைக்காரர் கூரையிலிருந்து இறங்கி அவள் முகத்தைப் பார்த்தார்.

"அதனால எதுவும் ஆகலைன்னுதான் தெரிஞ்சுபோச்சே" என்றார் தராசு. "யாரும் கேக்கவும் இல்ல. இப்ப எதுக்குச் சொல்றீங்க?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். நல்லவள் என்று பேர் வாங்கவா? இல்லை. அப்படியென்றால் திங்கட்கிழமையே சொல்லியிருப்பாள்.

"புழு செத்த விதத்தைப் பார்த்தப்பவே இது வேற நோய்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும் சார். கண்ணு பார்த்துச்சு, மனசு வாங்கலை. நான் செஞ்சதை மறைச்சு வச்சிருந்தேன் பாருங்க, எதைப் பார்த்தாலும் அது வந்து முன்னாடி நின்னுச்சு. இப்பவும் சொல்லலைன்னா அடுத்த தடவையும் அதுதான் வந்து நிக்கும். அப்படி ஒரு கண்ணை வச்சுக்கிட்டு அந்த அறைக்குள்ள என்னால போக முடியாது. அதுக்கு அப்புறம் சாவி யார்கிட்ட இருக்கணும்னு நீங்க சொல்லுங்க."

தராசு இந்த முறை உண்மையிலேயே நிறுத்துப் பார்த்தார். நோயறைக்காரரின் நாற்காலி கிரீச்சிட்டது. சம்பந்தி காலை எடுத்துக்கொண்டாள்.

"எழுதிக் கொடுங்க" என்றார் கடைசியில். "நானும் எழுதறேன். ரெண்டையும் ஒரே காகிதத்துல எழுதுவோம். பஞ்சு நனைச்சாச்சான்னு கதவுல ஒரு பட்டியல் மாட்டுங்க, வெளிய போறதுக்கு முன்னாடி பார்க்கிற மாதிரி. மறதிக்குத் தண்டனை கொடுத்துப் பிரயோஜனம் இல்ல." பிறகு சாவியின் மேல் ஒரு விரலை வைத்து, இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளினார். "அந்த அறையில புழு என்ன சொல்லுதுன்னு கேக்கறதுக்கு வேற ஆள் இல்ல என்கிட்ட."

"அப்பாடா" என்றார் நோயறைக்காரர். "நாலு நாளா வழியனுப்ப ஆளில்லாம உக்காந்திருக்கேன்."

பதினொரு வருஷத்தில் முதல்முறையாக அந்த ஜோக்குக்கு அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

அறையைக் காலி செய்து, கழுவி, புகை போட்டு முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. நோய்க்கு முன்பே கூட்டுப்புழுவாகிவிட்டவற்றிலிருந்து பதினாறு பெண் அந்துகள் மிஞ்சியிருந்தன. அவை இட்ட முட்டைகளை மருந்துத் தண்ணீரில் அலசி, மேலே ஒட்டியிருப்பது எதுவானாலும் போகும்படி கழுவி, ஒவ்வொன்றையும் தனி டப்பாவில் வைத்தாள். பொரிக்கிற ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒரு புழுவைச் சம்பந்திக்கு அனுப்ப வேண்டும். உருண்டை இல்லை என்று அங்கிருந்து சீட்டு வந்தால்தான் மற்றவை சேர்ந்து வளரலாம்.

முட்டைகளை வைத்த நாலாம் நாள் காலை, மயிரிழை கனத்தில் கறுப்புத் தலையோடு முதல் புழுக்கள் வெளியே வந்தன. பூச்சியம்மா டப்பாவைக் காதோடு வைத்துப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்க இன்னும் ஒரு வாரம் ஆகும்.

பேரேட்டில் புதுப் பக்கத்தைத் திறந்தாள். நோயறைக்காரர் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று, "எல்லாம் புதுசுதானே, ஒண்ணுன்னு போடுங்க" என்று வாயசைத்தார். அவள் தலையாட்டி மறுத்துவிட்டு, நூற்றி முப்பது என்று எழுதினாள். பிழைத்துக் கிடந்த பதினாறு அம்மாக்களின் பிள்ளைகள் இவை. முதலாவது எப்படி ஆகும்? குறிப்பு என்ற கட்டத்தில், முன் தலைமுறையில் நோய், உருண்டை வகை, வயல் அந்து மூலம் என்று எழுதினாள். கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. அதில், புழுக்கள் தொங்கவில்லை என்பதை அன்றே கவனித்தும் சொல்லவில்லை என்று சின்ன எழுத்தில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு கதவோரம் மாட்டியிருந்த பட்டியலைப் பார்த்து, பஞ்சை நனைத்தாள்.